வீட்டில் சில்லறை ரிப்பேர் வேலைக்கு ஆள் பிடிப்பது எப்படி?

வேளச்சேரியில் பதினைந்து வருடப் பழைய ஃப்ளாட்டுக்கு வாடகைக்குப் போயிருக்கிறீர்கள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, ஹால் ஃபேன் சுற்றுகிறதே தவிர காற்று வரவில்லை, கீசர் போட்டால் வீடே இருட்டாகிறது, பாத்ரூம் கதவு மழைக்காலத்தில் சாத்த வரவில்லை. ஒரே ஆளைக் கூப்பிட்டு ஒரே நாளில் முடிக்க முடியுமா, எவ்வளவு கொடுப்பது, ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குரோம்பேட்டைப் பக்கம் பத்தொன்பது வருடம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவன் நான். இப்போது கடையை மச்சான் பார்த்துக்கொள்கிறார், அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதலாம்.

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. நம் ஊரில் வேலை தொழில்வாரியாகப் பிரிந்து கிடக்கிறது. பிளம்பர் வேறு, எலக்ட்ரீஷியன் வேறு, கார்பெண்டர் வேறு, கொத்தனார் வேறு, பெயிண்டர் வேறு. பெரும்பாலானவர்கள் ஒரு மேஸ்திரிக்குக் கையாளாகப் போய்க் கற்றுக்கொண்டவர்கள், அவர் என்ன வேலை செய்தாரோ அதுதான் இவருக்கும் தெரியும். ஐடிஐ போனவர்களுக்கும் அப்படித்தான், எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருடம், பிளம்பர் 1 வருடம், தனித்தனி. "எல்லா வேலையும் பார்ப்பேன் சார்" என்று ஒருவர் வந்தால் விரட்ட வேண்டாம், "அண்ணே, முதல்ல எந்த வேலை கத்துக்கிட்டீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் அந்த வேலையை அவரிடம் கொடுங்கள். மற்றதைச் சமாளிப்பார், அவ்வளவுதான். கரண்ட் வேலையைச் சமாளிக்கிறவர் நமக்கு வேண்டாம்.

ஆக உங்கள் ஐந்து வேலை என்பது இரண்டு பிளம்பர் வேலை, இரண்டு எலக்ட்ரீஷியன் வேலை, ஒரு கார்பெண்டர் வேலை. யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் பழுது எங்கே என்று நீங்களே பாருங்கள். ரிப்பேர் செய்யச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொல்கிறேன். "குழாய் சரியில்லை" என்று போனில் சொல்கிறவரிடம் ஒரு தொகை கேட்பார்கள், "ஸ்பிண்டில் போயிருக்கு, மாத்தணும்" என்று சொல்கிறவரிடம் வேறு தொகை கேட்பார்கள். கடையில் நின்று இதை நான் தினம் பார்த்திருக்கிறேன்.

குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூடிய பிறகும் வாய் வழியாகச் சொட்டினால் உள்ளே, கைப்பிடியோடு திரும்பித் தண்ணீரை அடைக்கும் ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது, பழைய திருகுக் குழாயாக இருந்தால் வாஷர். கைப்பிடியைச் சுற்றிக் கசிந்தால் கிளாண்டு, அதாவது கைப்பிடிக்குக் கீழே கசியாமல் இறுக்கிப் பிடிக்கும் பாகம். சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப் போயிருக்கும். இந்த மூன்றுக்கும் புதுக் குழாய் தேவையில்லை. சொட்டாமல், தண்ணீர் மட்டும் குறைவாக வந்தால் குழாயின் வாயில் இருக்கும் சின்ன வலையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் உள்ள ஏரியாவில் அது உப்புப் படிந்து அடைத்திருக்கும், வினிகரில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும், ஒருவரையும் கூப்பிட வேண்டாம்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு பிளம்பர், வயதானவர், காலையில் முதல் ஆளாக வருவார். சட்டைப் பையிலிருந்து ஒரு தினத்தாள் பொட்டலத்தை எடுப்பார். உள்ளே முந்தின நாள் யார் வீட்டிலோ கழற்றிய ஸ்பிண்டில். அதைக் கடையின் கண்ணாடி மேசை மேல் நிறுத்தி வைத்து, நான் எடுத்துக் கொடுக்கும் புதியதைப் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்பார், ஸ்பிண்டிலின் மேல் நுனியில் இருக்கும் பற்களை நகத்தால் தடவி எண்ணுவார், பிறகு பழைய கைப்பிடியைப் புதிய ஸ்பிண்டிலில் மாட்டித் திருப்பிப் பார்ப்பார். கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பல் மாறும், ஒன்றுக்கொன்று சேராது. ஐந்து நிமிடம் ஆகும், சில நாள் எனக்கே எரிச்சலாக வரும். ஆனால் அவர் வாங்கிப்போன பொருள் ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. இன்னொரு வகை உண்டு. வீட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டே கடைக்குப் போன் போட்டு, "அண்ணே, ஒரு சிங்க் காக் எடுத்து வைங்க, நல்லதா" என்பார். அதாவது புதுக் குழாயே. பழையதைக் கழற்றியே பார்த்திருக்க மாட்டார். உங்களுக்கு எந்த வகை வந்திருக்கிறார் என்பது வந்த பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஃப்ளஷ் டேங்கில் இரண்டு இடத்தில் பழுது வரலாம். தண்ணீர் உள்ளே நிரப்பும் வால்வு மிதவையோடு சேர்ந்து மூடாமல், மேலே உள்ள ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும், மூடியைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும். இல்லையென்றால் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் சரியாக உட்காராமல் கீழே கசியும். டேங்கில் கொஞ்சம் துணிக்குப் போடும் சொட்டு நீலம் விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். டாய்லெட் கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்து, மேலே வழியவும் இல்லை என்றால் வாஷர்தான். இதைச் சொல்லிக் கூப்பிட்டால் பிளம்பர் வரும்போதே வாஷரோடு வருவார், கடைக்கு ஒரு நடை மிச்சம்.

ஃபேனை ஸ்விட்சில் அணைத்துவிட்டு, நின்ற பிறகு ஒரு குச்சியால் இறக்கையைத் தள்ளிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது, மோட்டார் சுற்ற உதவும் கண்டென்சர் என்ற சின்னப் பாகம் போயிருக்கிறது. இறுக்கமாக, கரகரவென்று நின்றால் பேரிங். ரெகுலேட்டரை முழுதாக வைத்தும் மெதுவாகச் சுற்றும் ஃபேன்களில் பெரும்பாலும் கண்டென்சர்தான், சாதாரண சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட், மேலேயே அச்சடித்திருக்கும். விலை நூறு ரூபாய்க்குள். அதை மாற்ற எலக்ட்ரீஷியன் வந்து போக 300 கேட்டால் பொருளை விடக் கூலி மூன்று மடங்கா என்று தோன்றும். தோன்றட்டும், கொடுங்கள். ஃபேனையே மாற்றிவிடலாம் என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டும்.

கீசர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். டிரிப் ஆகிறது என்கிறீர்களே, போர்டில் எது விழுகிறது என்று பார்த்தீர்களா? வரிசையாக இருக்கும் சின்ன ஸ்விட்சுகள் எம்.சி.பி., அதிக கரண்ட் இழுத்தாலோ ஷார்ட் ஆனாலோ அவை விழும். பக்கத்தில் அகலமாக, டெஸ்ட் என்று ஒரு பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி., கரண்ட் எங்காவது பூமிக்குக் கசிந்தால் அது விழும், வீடுகளில் போடுவது பொதுவாக 30 மில்லியாம்பியரில் விழுகிற வகை. மொத்த வீடும் இருட்டாகிறது என்று எழுதியிருப்பதால் உங்கள் வீட்டில் விழுவது இரண்டாவதாகத்தான் இருக்கும். கீசர் போட்டால் மட்டும் அது விழுகிறது என்றால் சந்தேகம் வயரிங் மேல் போவதைவிடக் கீசருக்குள் இருக்கும் ஹீட்டிங் எலமெண்ட் மேல்தான் போக வேண்டும். உப்புத் தண்ணீரில் எலமெண்ட் அரித்து ஓட்டை விழுந்து, கரண்ட் தண்ணீரில் கசிகிறது. அதாவது அந்த ஆர்.சி.சி.பி. விழாமல் இருந்திருந்தால் நீங்கள் ஷாக் அடிக்கிற தண்ணீரில் குளித்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்த இடத்தில் சிலர், "அது சும்மா சும்மா விழுந்து தொல்லை பண்ணும் சார், நேரா கொடுத்துடறேன்" என்பார்கள். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வயரை நேராக இணைத்துவிடுவது. கீசர் அருமையாக ஓடும், நீங்களும் நன்றி சொல்லி ஐநூறு ரூபாய் கொடுப்பீர்கள். அப்படிச் சொல்கிறவரை அந்த நிமிடமே, வந்த கூலியைக் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிடுங்கள். "16 ஆம்பியர் எம்.சி.பி. விழுது, 32 போட்டுடலாம்" என்பதும் அதே ரகம். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும், 16 விழுகிறது என்றால் வேறு ஏதோ கோளாறு, பெரிய எம்.சி.பி. போட்டால் அது விழாமல் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். எலக்ட்ரீஷியனிடம் வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை, தமிழ்நாட்டில் அதற்கென்று லைசென்சிங் போர்டு இருக்கிறது. ஃபேன் மாட்ட இதெல்லாம் கேட்க வேண்டாம். போர்டைத் திறக்கிற வேலைக்குக் கேளுங்கள். மீட்டருக்கு முந்தைய பக்கமும் சீல் வைத்த இடமும் ஈ.பி.க்குச் சொந்தம், அங்கே எந்த எலக்ட்ரீஷியனும் கை வைக்கக் கூடாது, மின்னகம் 94987 94987-க்குப் புகார் சொன்னால் அவர்கள் ஆள் வருவார்.

கதவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து உப்பும். இப்போது கார்பெண்டரைக் கூப்பிட்டு இழைப்புளி போட்டால் சித்திரையில் காய்ந்து சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி வந்துவிடும். அதற்கு முன்னால் மேல் கீலைப் பாருங்கள், பாதி நேரம் அங்கே திருகாணி லூசாகிக் கதவு இறங்கியிருக்கும், இறுக்கினால் போதும். தை மாதம் வரை பொறுத்தும் கதவு சிக்கினால் கொஞ்சமாக இழைத்து, அன்றே அடிப்பக்க விளிம்புக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவுகளில் அந்த அடி விளிம்பைத்தான் எல்லோரும் பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிடுவார்கள், தண்ணீர் அங்கேதான் ஏறும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பழைய ஃப்ளாட் என்பதால் சீக்கிரமே கேட்பீர்கள், சுவர் ஈரம். எங்கள் வீட்டில் பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கும் அறைச் சுவர் ஈரமாகி பெயிண்ட் உரிந்தது. நேராகக் கொத்தனாரைக் கூப்பிட்டேன், கடைக்காரனுக்கே புத்தி அப்படித்தான் போனது. அவர் இரண்டு வரிசை டைல்ஸை உடைத்து, புதிதாகப் பதித்து, இடுக்கெல்லாம் வெள்ளை சிமெண்ட் வைத்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் திரும்ப ஈரம். திரும்ப உடைத்தோம். மூன்றாம் முறை, நான் மேலே சொன்ன அந்தப் பொட்டலக்காரர்தான், "பாத்ரூமை ரெண்டு நாள் யாரும் புழங்காதீங்க, ஈரம் காயுதான்னு பாருங்க" என்றார். காயவில்லை. அப்புறம் அந்த பாத்ரூமுக்குத் தண்ணீர் போகும் லைனின் கேட் வால்வை மூடிப் பார்க்கச் சொன்னார். காய்ந்தது. சுவருக்குள் போகும் தண்ணீர் லைனில் ஒரு எல்போ, அதாவது பைப் திரும்பும் இடத்து இணைப்பு, விட்டிருந்தது. குளித்தால் மட்டும் ஈரம் கூடுகிறது என்றால் தரை, டைல்ஸ் இடுக்கு, கழிவுநீர்க் குழாய் பக்கம் பாருங்கள், ராத்திரி பகல் ஒரே மாதிரி ஈரம் என்றால் தண்ணீர் வரும் லைனைப் பாருங்கள். எப்படியானாலும் பிளம்பர் முதலில், கொத்தனார் பிறகு. சுவர் உடைத்து மாற்றினால், வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பைப்புக்கு அதற்கான ஒட்டும் பேஸ்ட்தான் போடுகிறாரா என்று டப்பாவைப் பாருங்கள், வெள்ளை பைப்புக்கு உள்ளதை இதற்கும் தடவுகிறவர்கள் உண்டு. ஒட்டிய கையோடு தண்ணீர் திறந்து காட்டுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், இறுக நேரம் வேண்டும்.

ஆளை எங்கே பிடிப்பது? அர்பன் கம்பெனி மாதிரி ஆப் எல்லாம் இருக்கின்றன, ரேட் முன்கூட்டியே தெரியும், ஆள் யார் என்பதற்குப் பதிவு இருக்கும், புது ஊரில் தனியாக இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அங்கே நேற்று வந்தவரே நாளையும் வருவார் என்று சொல்ல முடியாது, பழைய வீட்டுக்கு அந்தத் தொடர்ச்சிதான் தேவை. எந்த லைன் எங்கே போகிறது என்று தெரிந்த ஒருவர். அதனால் முதலில் உங்கள் பில்டிங்கில் கேளுங்கள். "யாராவது நல்ல பிளம்பர் இருக்காரா" என்று கேட்டால் எல்லோரும் ஒரு நம்பர் கொடுப்பார்கள். "இவர் உங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கார்?" என்று கேளுங்கள், மூன்று நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அவரைக் கூப்பிடலாம். வாட்ச்மேன் சொல்லும் ஆளுக்கு வாட்ச்மேன் பங்கு இருக்கலாம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள், எந்த வீட்டில் யார் வேலை பார்க்கிறார், யார் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வரவில்லை என்று அவருக்குத் தெரியாதது இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை சிலர் காட்டுவார்கள், அந்த வாரியம் 1994 முதல் இருக்கிறது, பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லோரும் அதில் சேரலாம். போட்டோவும் பெயரும் உள்ள அட்டை என்ற வகையில் நல்லது, ஆனால் அது நலத்திட்டத்துக்கான அட்டை, கைவேலைக்கான சர்டிஃபிகேட் கிடையாது.

ஹார்டுவேர் கடையில் கேட்பதும் நல்ல வழிதான், ஒரு விஷயம் தெரிந்துகொண்டு கேளுங்கள். கடைக்காரர்கள் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கமிஷன் கொடுப்பது உண்டு. நானும் கொடுத்திருக்கிறேன். அவர் கூட்டிவரும் பில்லில் நூற்றுக்குப் பத்து, தீபாவளிக்குச் சட்டைத்துணியும் ஸ்வீட் பாக்ஸும். இதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை, கூலியை நாம் இழுத்துப் பிடித்துப் பேசுகிறோம், அவர் இந்தப் பக்கம் ஈடு கட்டுகிறார். ஆனால் எண்பது ரூபாய் பொருளில் முடியும் வேலைக்கு எண்ணூறு ரூபாய் குழாய் மாற்றச் சொல்லும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. அதனால் கூலியை ஒழுங்காகப் பேசிவிட்டு, பொருளை நீங்களே அவரோடு கடைக்குப் போய் வாங்குங்கள், பில் உங்கள் பேரில் இருக்கட்டும், வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், கழற்றிய பழைய பொருளைக் கையில் கேளுங்கள். பழையதை உங்களிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தாலே நல்ல பொருளைக் கழற்றத் தயங்குவார்கள்.

போனில் பேசும்போது வாட்ஸ்அப்பில் போட்டோ, முடிந்தால் பத்து நொடி வீடியோ அனுப்பிவிட்டுப் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். வந்து பார்த்துவிட்டு வேலை இல்லை என்றால் எவ்வளவு? சொன்ன இந்த இரண்டு வேலைக்கும் கூலி எவ்வளவு, பொருள் தனியா? திரும்பப் பழுதானால் எத்தனை நாளுக்குள் சும்மா வந்து பார்ப்பீர்கள்? எங்கள் பக்கம் இப்போது வந்து போக 300 முதல் 500 வரை கேட்கிறார்கள், நாள் கூலி என்றால் கொத்தனாருக்கு ஆயிரத்துக்கு மேல், சித்தாள் தனி. இருபது நிமிட வேலைக்கு 400-ஆ என்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பெருங்களத்தூரிலிருந்து வண்டியில் வந்து, போக வர இரண்டு மணி நேரம் போயிருக்கும், அதையும் சேர்த்துத்தான் அந்த 400. இதனால்தான் வேலைகளைச் சேர்த்து வைத்துக் கூப்பிடச் சொல்கிறேன், குழாய்க்கும் ஃப்ளஷ்ஷுக்கும் ஒரே வருகை.

ஆனால் சேர்த்து வைப்பது வேறு, வேலை முடிந்து அவர் ஸ்பேனரைப் பையில் போடும்போது, "வந்ததே வந்தீங்க, அந்த ஷவரையும் கொஞ்சம் பாத்துடுங்க" என்பது வேறு. அதற்கும் காசு சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் கேளுங்கள். அட்வான்ஸ் என்று முழுத் தொகையும் கொடுக்காதீர்கள், பொருளுக்கு மட்டும் கொடுக்கலாம். வேலை முடிந்தால் அன்றே முழுதாகக் கொடுங்கள், "நாளைக்கு ஜிபே பண்றேன்" வேண்டாம். பால்கனி வேலையோ லாஃப்ட் வேலையோ இருந்தால் நல்ல ஏணி ஏற்பாடு செய்யுங்கள், பிளாஸ்டிக் சேர் மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிறேன் என்றால் விடாதீர்கள். கழிவுநீர் அடைப்புக்கு யாராவது செப்டிக் டேங்கில் இறங்குகிறேன் என்று வந்தால் அசோசியேஷன் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், அதற்கு உறிஞ்சும் லாரி இருக்கிறது.

செலவு யாருடையது என்பதையும் பார்த்துவிடுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் குழாய், வாஷர், ஸ்விட்ச், கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் தலையில், தண்ணீர் பைப் லைன் மாற்றுவது, வயரிங், கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர் வீட்டுக்காரர் தலையில். உங்கள் லிஸ்டில் அநேகமாக எல்லாமே உங்கள் பக்கம்தான் வருகிறது, சுவர் ஈரம் வந்தால் அவருடையது. ஆனாலும் கீசர் எலமெண்ட் மாற்றும் முன் வீட்டுக்காரருக்கு ஒரு போட்டோ போட்டுவிடுங்கள். பத்து வருடப் பழைய கீசர் என்றால் அவரே புதிது வாங்கித் தருவதாகச் சொல்லவும் கூடும்.

கீசருக்கு நாளைக்கே கூப்பிடுங்கள், அதுவரை அதன் ஸ்விட்சைத் தொடவேண்டாம், அதே எலக்ட்ரீஷியன் ஃபேனையும் பார்த்துவிடுவார். பிளம்பர் வேலை ஒரு வாரம் பொறுக்கும், கார்பெண்டர் தை மாதம். தேதி குறிக்கும்போது காலண்டரில் அமாவாசை பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கொத்தனார்களும் கார்பெண்டர்களும் அன்றைக்கு வர மாட்டார்கள், நீங்கள் லீவு போட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.